குத்துமதிப்பா ஒரு கணக்கு

பிசிக்ஸ் கணக்குன்னா நமக்கெல்லாம் ஒரு ஃபார்மேட் உண்டு. முதல்ல 'கிவன் டேட்டா', அப்புறம் ஃபார்முலா, கடைசியா விடையைச் சுத்தி ஒரு பெட்டி. யூனிட் போடலைன்னா அரை மார்க் போச்சு. எதுவுமே 'கிவன்' இல்லாத கணக்கைக் கையில குடுத்தா பேனா நகராது. ஆனா நிஜத்துல நம்மகிட்ட வந்து நிக்கிற கணக்கு முக்கால்வாசி அந்த ரகம்தான்.

இந்த வித்தையில பெரிய கில்லாடி என்ரிகோ ஃபெர்மி. 1945 ஜூலை 16, நியூ மெக்சிகோ பாலைவனத்துல முதல் அணுகுண்டைச் சோதிச்சப்போ, மனுஷன் சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி நின்னு, காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து கீழே விட்டார். அதிர்வலை வந்து அதுங்களை ரெண்டரை மீட்டர் தள்ளிச்சு. அதை வெச்சே 10,000 டன் டிஎன்டிக்குச் சமம்னு சொல்லிட்டார். பின்னாடி முறையா அலசினப்போ வந்த விடை சுமார் 21,000 டன். 'ரெண்டு மடங்கு தப்பாச்சே'ன்னு இளக்காரமா நினைக்காதீங்க. நூறு டன்னா, பத்து லட்சம் டன்னாங்கிற கேள்விக்கு நாலு காகிதத் துண்டு பதில் சொல்லிடுச்சே!

சரி, குண்டை விடுங்க, தண்ணிக்கு வருவோம். 2019 ஜூன்ல சென்னையோட ஏரிகள் வறண்டு, ஜூலைல ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டிவியில பார்க்க பிரமாண்டமாத்தான் இருந்துச்சு. மாநகராட்சி எல்லைக்குள்ள சுமார் 70 லட்சம் பேர்னு வைங்க. பங்கு போட்டா ஆளுக்கு ரெண்டு டம்ளர் தேறும். அவ்ளோதான் :-)

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்? 10 லிட்டர்? குளிக்கவே பத்தாது. 1000 லிட்டர்? ரொம்ப ஓவர். ரெண்டுலயிருந்தும் பத்து மடங்கு தள்ளி, 100னு வெச்சுக்குவோம். மொத்த ஊருக்கு 70 கோடி லிட்டர். அதாவது தினமும் 280 ரயில்!

அடுத்த கேள்வி. சென்னை தலையில விழற மழை எவ்வளவு? பரப்பு 426 சதுர கிலோமீட்டர். வருஷ மழை சராசரியா 1.4 மீட்டர். பெருக்கினா கிட்டத்தட்ட 60 கோடி கன மீட்டர். ஊரோட வருஷத் தேவை? சுமார் 25 கோடி கன மீட்டர்.

100 லிட்டர் கம்மிங்கிறீங்களா? 150 ஆக்குங்க, தேவை 38 கோடி ஆகும். அப்பவும் மழைதான் அதிகம். விழற மழையை முழுசா பிடிக்க முடியாது. ஆவியாகும், கடலுக்கு ஓடும், சில வருஷம் பொய்த்தும் போகும். எல்லாம் சரி. ஆனா மழை நூறு மடங்கு கம்மின்னு விடை வந்திருந்தா, 2003ல கட்டாயமாக்கின மழைநீர் சேகரிப்பே வெட்டி வேலைன்னு மூட்டை கட்டிடலாம். அப்படி வரலையே! ஆக, கேள்வி 'தண்ணி இருக்கா'ங்கிறது இல்லை, 'பெய்யறதை எங்க நிறுத்தறோம்'ங்கிறதுதான். 2015 டிசம்பர்ல முங்கிப்போன அதே ஊர்தான் நாலு வருஷத்துல குடத்தோட நின்னுச்சு.

பெரிய நம்பர் எதைக் கேட்டாலும் வாயைப் பிளக்கறதுக்கு முன்னாடி, ஆளுக்கு எவ்வளவுன்னு ஒரு தடவை வகுத்துப் பாருங்க. கால்குலேட்டர் எல்லாம் வேண்டாம். பஸ் டிக்கெட்டோட பின்பக்கம் போதும்.