அம்மாவின் நினைவு மலரும் எட்டுப் பொயின்ற் எழுத்தும்

அம்மாவின் 31ஆம் நாளுக்கான நினைவு மலரை ஆக்குகின்ற பொறுப்பு என் தலையில் விழுந்தது. பத்திரிகைக்காரன் ஒருவன் வீட்டில் இருக்கும்போது வெளியாளிடம் ஏன் கொடுப்பான் என்பது உடன்பிறந்தோரின் நியாயம். ரொறன்ரோவிலிருந்து தங்கையும் இலண்டனிலிருந்து தம்பியும் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏனையோருக்காக ஒரு வார்த்தை. இங்கே ஒருவர் காலமானால் அந்தியேட்டி நாளில் அவர் பேரில் ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்கு வழங்குவது வழக்கம். முன்னர் அதனைக் கல்வெட்டு என்போம். குடிவழியும் வாழ்க்கை வரலாறும் புலம்பலும் செய்யுளாக இருக்கும். இன்று அது வண்ணப் படங்களும் திருமுறைகளும் கொண்ட நினைவு மலராகியிருக்கிறது. வேறெங்கும் எழுதப்படாத ஊர்க் கதைகள் பல இவற்றினுள் அகப்படுவதுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இத்தகைய மலர்களையும் தேடிச் சேர்த்து வைத்திருப்பது வீண் வேலையல்ல.

அச்சகத்தில் பக்கங்களை வடிவமைத்துத் தந்த பிள்ளைக்கு 22 வயதிருக்கும். மாதிரியைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பளபளக்கும் தாள். சிவபுராணத்துக்குப் பின்னால் கோபுரம். கோபுரத்தின் மேல் மஞ்சள் எழுத்து. அம்மாவின் வரலாற்றை ஒரு குத்துவிளக்கின் சுடருக்குள் அடக்கியிருந்தார். படங்களுக்கு இடம் போதாமையால் எழுத்து எட்டுப் பொயின்ற் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"இப்ப எல்லாரும் இப்பிடித்தான் கேக்கினம், அங்கிள்" என்றார் அந்தப் பிள்ளை.

அவரிற் பிழையில்லை. அவர் அதனைத் திரையில் பெருப்பித்துப் பார்க்கிறார். நானோ அந்த எட்டுப் பொயின்ற் எழுத்தை வேறோர் இடத்தில் கண்டவன்.

1991ஆம் ஆண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் முடித்த கையோடு ஒரு நாளிதழில் ஒப்புநோக்குபவனாகச் சேர்ந்தேன். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் தங்கம் போலானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரியைச் செருகி எரித்த அந்தச் சிக்கன விளக்கை எங்கள் தலைமுறையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் கீழ்தான் பிள்ளைகள் படித்தார்கள். முதியவர்கள் பத்திரிகை வாசித்ததும் அதன் கீழ்தான்.

பத்திரிகைத் தாளுக்கும் தடை. கோடிட்ட கொப்பித் தாளிலும் மண்ணிறத் தாளிலுமெல்லாம் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அச்சாகின. கோடிட்ட தாள் பெரிய இடைஞ்சல். நீலக்கோடு எழுத்தின் வயிற்றை அறுத்துக்கொண்டு போகும். எங்கள் அச்சகத்தில் அப்போதும் ஈய எழுத்துகளைக் கையாலேயே கோர்த்தார்கள். எழுத்துகள் தேய்ந்திருந்தன. தேய்ந்த எழுத்தில் முதலில் போவது புள்ளி. 'ம்' என்பது 'ம' ஆகிவிடும். இந்த நிலைமையிலேதான் பக்கங்கள் குறைய, மரண அறிவித்தல்களை எட்டுப் பொயின்றுக்கு இறக்கினோம். யோசனை என்னுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு பேருக்கான இடத்தில் ஏழு பேரை அடக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டேன்.

சில நாட்களின் பின் கோண்டாவிலிலிருந்து ஒரு முதியவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். கோபப்படவில்லை. மடித்துக் கொண்டுவந்த பழைய பத்திரிகையை மேசையில் விரித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"தம்பி, இதில என்ன கிடக்கெண்டு வாசியும்."

வாசித்தேன். பண்டத்தரிப்பில் ஒருவர் காலமாகியிருந்தார்.

"இவர் என்னோட ஒரு வாங்கில இருந்து படிச்சவர். பேப்பர் வந்த அண்டைக்கே விளக்குக்குக் கிட்ட வைச்சுப் பார்த்தனான். எறும்பு ஊர்ந்தமாதிரிக் கிடந்தது. நேற்றுத்தான் பேரன் வாசிச்சுச் சொன்னவன். செத்தவீடு முடிஞ்சு எட்டு நாள்."

தொலைபேசி இயங்காத காலம். பத்திரிகையில் வராவிட்டால் ஒரு சாவு அடுத்த ஊருக்குப் போகாது. நாங்கள் அச்சிட்டோம், ஆனால் அது அவரைச் சேரவில்லை. அவர் போனபின் எங்கள் மூத்த அச்சுக்கோப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் பல்கலைக்கழகம் கண்டவரல்லர். தமிழெழுத்தைப் பற்றி நான் பெற்ற மிக நல்ல பாடம் அவர் தந்ததுதான்.

"எழுத்தை மட்டும் பெருப்பிச்சாற் காணாது" என்றார். ஆங்கில எழுத்தைப் போல் வரிகளை நெருக்கினால் தமிழ் மூச்சுமுட்டும். இகர ஈகார விசிறி மேலே எழும்பும், உகர ஊகார வால் கீழே இறங்கும். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விசிறியும் ஒன்றையொன்று முட்டினால் கண் இடறும். ஆகவே வரிகளுக்கிடையில் ஈயத் தகடு ஒன்று கூடுதலாக வைக்கவேண்டும். அதற்கான இடத்தை எங்கே தேடுவது? கறுப்புக் கரைகளை எடு, சிலுவை, ஓங்கார அச்சுகளை எடு, 'ஆழ்ந்த துயருடன் அறியத்தருகின்றோம்' என்று ஏழு முறை வருவதை மேலே ஒரே முறை போடு. செய்தோம். பத்துப் பொயின்றில் ஆறு பேருக்கு இடம் கிடைத்தது. ஏழாமவருக்காக அன்றைய தலைப்பொன்றைச் சுருக்கினோம்; ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பல்ல. ஏட்டுச் சுவடியில் புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. அதனை வாசிக்கப் பழகியவர் சிலரே. நல்லூர் ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பின்னர் அவர் எழுதிய வசன நூல்களில் கடினமான சந்திகளைப் பிரித்தார், நிறுத்தக்குறிகளை இட்டார். அவரைச் சைவத்தின் காவலராகவும் வசனநடையின் தந்தையாகவும் கொண்டாடுகிறோம். வாசிப்பவனின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்ட அச்சகக்காரராகவும் கொண்டாடலாம் என்பது என் எண்ணம். காற்புள்ளி ஒன்றை எங்கே வைப்பது என்று யோசிக்கிற மனிதர், வாசிக்கத் தடுமாறுகிற ஒரு பிள்ளையை மனத்தில் வைத்திருக்கிறார்.

மீண்டும் அம்மாவின் மலருக்கு வருகிறேன். வாசிக்கப்போகிறவர் யார் என்று ஒரு தாளில் எழுதினேன். அம்மாவோடு கோயிலுக்குப் போன ஐந்து பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவருக்குக் கண்புரை வெட்டியிருக்கிறது. அந்தத் தாளை அச்சகத்துப் பிள்ளையிடம் கொடுத்தேன். சிறிது நேரம் பேசாமலிருந்தவர், தாமாகவே கோபுரத்தை நீக்கினார். பளபளப்பில்லாத தாள், வெள்ளையில் கறுப்பு, திருமுறைகளுக்குப் பதினாறு பொயின்ற். பாட்டின் அடி நடுவில் முறியாதபடி பக்கத்தை அமைத்தார். தங்கைக்கு இது பிடிக்கவில்லை. "வடிவில்லை அண்ணா, சனம் என்ன சொல்லும்" என்றாள். கடைசி எட்டுப் பக்கங்களைப் படங்களுக்கு விட்டுக்கொடுத்துச் சமாதானமானோம்.

ஒரேயொரு கட்டுரை மட்டும் மல்லுக்கட்டியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலம் வழியாகத் தென்மராட்சிக்குப் போன கதையை அம்மா சொல்லச் சொல்ல, 2002இல் நான் தட்டச்சிட்டு வைத்திருந்தேன். அக்காலத்தில் எங்களூரில் எல்லாம் பாமினி எழுத்துருதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். திறந்தபோது அம்மாவின் கதை முழுவதும் அப்படித்தான் சிதறிக் கிடந்தது. ஒருங்குறிக்கு மாற்றியதும் எழுத்து வந்தது. ஆனால் பாமினியில் 'இ' இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். நான் ஆங்கில எழுத்துருவில் இட்டிருந்த காற்புள்ளிகள் எல்லாம் 'இ' ஆகிவிட்டன. பழைய கோப்புகளை மாற்றிப் பார்த்த வாசகர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும்.

அம்மா அன்றிரவு தூக்கிப்போன பொருட்களின் பட்டியல் இப்படி வந்து நின்றது: அரிசிஇ சருவச்சட்டிஇ உறுதிக்கட்டுஇ குடை. மழையில் அந்தக் குடையை அவர் யாரோ ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வோர் 'இ'யாகத் தேடி அழித்தேன். இரண்டிரவுகள் ஆயின. முன்பு அவர் விளக்கடியில் இருந்து நான் ஒப்புநோக்கிய பத்திரிகையைப் படித்து, தவறிய பிழைகளைக் காலையில் எடுத்துச் சொல்வார். இம்முறை அதற்கு ஆளில்லை.

அந்தியேட்டியன்று மதியப் போசனம் முடிந்து, விறாந்தையில் பாய் விரித்து அம்மாவின் தோழிகள் இருந்தார்கள். மூத்தவர் 84 வயது மாமி. கண்ணாடியைத் தேடினார், அகப்படவில்லை. கையை நீட்டி மலரைத் தூரப் பிடித்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். பாலத்தடிக்கு வந்து, பட்டியலையும் கடந்து, குடையைக் கொடுத்த இடத்தில் நின்றார்.

"தம்பி, 'மழைஇ இருட்டு' எண்டு கிடக்கு. இதென்ன 'இ'?"

ஒன்று தப்பிவிட்டிருந்தது.