பாரம் இறங்கிய பிறகு

வாப்பா விட்டுச் சென்ற மொரிஸ் மைனரின் முன்பக்கத்தைக் கழற்றிப் பூட்டியபோதுதான், நட்டை இறுக்குவதற்கும் ஒரு நேரமுண்டு என்பது புரிந்தது.

அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் 1948இல் வெளிவந்த இந்தக் காரின் முன்சில்லுகளைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல. நீளவாக்கில் கிடக்கும் முறுக்குத் தண்டு. சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் உள்முனையில் றப்பர் புஷ்கள் இருக்கின்றன. இந்த றப்பர் வழுக்கிச் சுழலாது. இறுக்கிய நிலையிலேயே பிடிபட்டு, அங்கிருந்து முறுகி மீளும். காரை முட்டுக்கொடுத்து உயர்த்தி, சில்லு தொங்கும்போதே முழுவதும் இறுக்கிவிட்டால், பிறகு கார் சும்மா நிற்கையிலும் றப்பருக்கு ஓய்வில்லை. விரைவில் கிழியும். கீழ்க்கை ஆட்டங் காணும், ஸ்டியரிங்கும் தடுமாறும்.

ஆகவே நட்டுகளை மெல்லப் பூட்டி, சில்லுகளை மாட்டி, காரைத் தரையிறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தரம் அமுக்கி விட்டபின்பே இறுதி இறுக்கம். அதுவும் டோர்க் ஸ்பேனரால், கைநூல் சொல்லும் அளவுக்கு. கைப்பலத்தை மட்டும் நம்பினால் புரி அறுந்துபோகலாம்.

வருவோர் பெயின்ற்றைப் பார்த்து மெச்சுகிறார்கள். குனிந்து பார்ப்பவர் இல்லை. ஆனால், 'பிஸ்மில்லாஹ்' சொல்லி ஏறியமரும் உம்மாவின் உயிர், அந்த நட்டுகளை இறுக்கும் கையில் ஓர் அமானிதம்.