கேசட் மேல ஒட்டிய படம்

டிவி கேம் ஆடினவங்களுக்கு அந்த மஞ்சள் கேசட் ஞாபகம் இருக்கும். மேல '9999 இன் 1'னு போட்டிருக்கும். உள்ளே தேறுறது ஏழெட்டு கேம்தான், மத்ததெல்லாம் அதே கேம் வேற பேர்ல :-) நான் சொல்ல வந்தது அதுல ஒட்டியிருக்கிற படத்தைப் பத்தி.

அந்தக் கால கேம்ல ஒரு உருவம்னா 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களை அடுக்கினது, கட்டத்துக்கு மூணே நிறம். முகமே தெரியாது. முகத்தைக் கொடுத்தது அட்டைப்படம்தான். சில சமயம் தப்பான முகம்! 1987 'மெகா மேன்' அமெரிக்க அட்டையைத் தேடிப் பாருங்க. கேம்ல கையே பீரங்கியா இருக்கிற நீலச் சிறுவன், அட்டையில் கைத்துப்பாக்கி பிடிச்ச நடுத்தர வயசு ஆள்.

அண்ணன் வச்சிருந்த கான்ட்ரா கேசட் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வரைந்தவர் பாப் வேக்லின், பிரிட்டிஷ் ஓவியர், 2018-ல் காலமானார். 'பிரிடேட்டர்' (1987) படத்து அர்னால்டைப் பார்த்து வரைந்ததாம். காப்பிதான். ஆனாலும் அந்த வெளிச்சமும் வேர்வையும் அவர் தூரிகையில் வந்தது. கேசட்டில் அவர் பேர் எங்கேயும் இல்லை.

எங்க அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. வாங்க வர்றவங்க எந்தச் சாமின்னு கேட்பாங்க, என்ன விலைன்னு கேட்பாங்க. யார் செதுக்கினதுன்னு கேட்டு நான் பார்த்ததில்லை.

உங்க வீட்டுப் பரண்ல கேசட் கிடந்தா லேபிளை ஒரு போட்டோ எடுத்து வச்சிடுங்க. பசை காஞ்சு உரியுது. எங்ககிட்ட இப்போ பாதி அர்னால்டுதான் மிச்சம்.