நறுமணம் யாருக்காக?



கோடை விடுமுறையில் வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பும் உறவினர்களின் பெட்டியில் பேரீச்சம்பழமும் தைலமும் இருப்பதைப் போலவே சென்ட் பாட்டில்களும் தவறாமல் இருக்கும். எண்ணூரில் நான் பாடம் நடத்தும் பெண்கள் மதரஸாவின் பதினைந்து வயது மாணவி ஒருத்திக்கு அவளுடைய மாமா அப்படி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பழமணமும் பூமணமும் கலந்து, வெயில் காலத்துக்கென்றே செய்யப்பட்ட சென்ட் அது. மகிழ்ச்சியும் துள்ளலும் நிறைந்த இளம்பெண்ணின் ஆளுமைக்கு ஏற்றது என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: "ஆலிமா, நான் அதிகமா பேசமாட்டேன். எல்லாரும் என்னை உம்முணாமூஞ்சின்னுதான் சொல்றாங்க. அப்போ இந்த சென்ட் எனக்குப் பொருந்தாதா?"

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய கேள்வியாக இது எனக்குத் தோன்றவில்லை. மணத்தைக் கொண்டு ஒருவர் எத்தகையவர் என்று முடிவுசெய்யும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேகமாகப் பரவுகிறது. அதன் மறுபக்கத்தையும் அதே வகுப்பில் நான் பார்த்தேன். மற்றொரு மாணவியின் தாயார் அதிகாலையில் வீட்டில் இறால் உரித்துக் கொடுத்துப் பிழைப்பவர். மகளும் அவருக்குக் கைகொடுத்துவிட்டுத்தான் மதரஸாவுக்கு வருவாள். அவள் அமர்ந்தால் பக்கத்திலிருக்கும் பிள்ளைகள் மெல்ல நகர்வார்கள். முக்காட்டின் நுனி மூக்குக்குப் போகும். அவளும் அதை அறிந்து, யாரும் சொல்லாமலே கடைசி வரிசையின் ஓரத்துக்குப் போய்விடுவாள்.

ஒருத்தி தன் சுபாவம் சென்ட்டுக்குத் தகுதியானதா என்று அஞ்சுகிறாள். இன்னொருத்தி தன் கையின் வாடையே தன் தகுதி என்று நம்பத் தொடங்கிவிட்டாள். இருவருக்கும் மார்க்கம் சொல்லும் பதில் ஒன்றுதான்.

பாட்டிலுக்குள் இருப்பது

முதலில் அந்தப் பழமணத்தைப் பற்றிப் பார்ப்போம். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் தோலிலிருந்து மண எண்ணெய் பிழிந்தெடுக்க முடியும். பீச், ஆப்பிள், பேரிக்காய் முதலிய பழங்களிலிருந்து அவ்வாறு எடுக்க இயலாது. சென்ட்டில் நாம் முகரும் பீச்சும் ஆப்பிளும் பெரும்பாலும் எஸ்டர், லாக்டோன் என்னும் வேதிப்பொருள்களைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் அமைக்கப்பட்டவை. பூமணத்தின் நிலை வேறு. நம் மதுரைப் பக்கத்து மல்லிகையிலிருந்து எடுக்கப்படும் சாறு வெளிநாட்டு வாசனைத் தொழிலுக்கு ஏற்றுமதியாகிறது.

மணங்கள் அனைத்தும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. பழமணம் இலேசானது, பூசியவுடன் முதலில் எழுந்து, கால்மணி அல்லது அரைமணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். அடுத்து வரும் பூமணம் சில மணி நேரம் நிற்கும். கடைசியில் துணியில் தங்குவது கஸ்தூரி, சந்தனம் போன்ற கனத்த மணம். உடல் சூடேறும் கோடையில் முதல் மணம் இன்னும் விரைவாகக் கலைந்துவிடும். ஆகவே பெட்டியில் வருணிக்கப்பட்ட அந்தத் துள்ளலான ஆளுமைக்கு ஆயுள் அரைமணி நேரம்தான் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொர்க்கத்தில் நல்லோருக்குப் புகட்டப்படும் பானத்தின் முத்திரை கஸ்தூரியாக இருக்கும் என்று அல்குர்ஆன் (83:26) கூறுகிறது. முத்திரை என்பதை முடிவு என்று பொருள்கொண்டு, பருகி முடித்தபின் எஞ்சும் மணம் அது என விளக்கிய விரிவுரையாளர்களும் உண்டு. எதிலும் இறுதியில் என்ன தங்குகிறது என்பதே பார்க்கத்தக்கது.

மஸ்ஜிதுந் நபவியில் ஒரு வெயில் நாள்

நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை மிகவும் விரும்பினார்கள். அன்பளிப்பாக வந்த நறுமணத்தை அவர்கள் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. ஆனால் ஜும்ஆ நாளில் குளித்து நறுமணம் பூசும்படி அவர்கள் சொன்னதன் பின்னணி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. அதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது.

அன்றைய மக்கள் உழைப்பாளிகள், முதுகில் சுமை சுமந்தவர்கள், கம்பளி உடுத்தியவர்கள். பள்ளிவாசலோ குறுகலானது, கூரையும் தாழ்வு. வெப்பம் மிகுந்த ஒரு நாளில் வியர்வையில் நனைந்த கம்பளியின் வாடை பரவி, ஒருவரால் ஒருவர் சங்கடப்பட்டனர். அதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், இந்த நாள் வந்தால் குளித்து, அவரவரிடம் உள்ளவற்றில் சிறந்த எண்ணெயையும் நறுமணத்தையும் பூசிக்கொள்ளுமாறு மக்கள் அனைவருக்கும் சொன்னார்கள்.

இந்த அறிவிப்பில் யாரும் பெயர் சுட்டப்படவில்லை. எவரையும் பின்வரிசைக்குப் போகச் சொல்லவில்லை. உழைத்ததைக் குறையாகப் பேசவில்லை. அருகில் அமர்பவருக்குச் சங்கடம் நேரக்கூடாது என்பதே நோக்கம். நறுமணம் நம்மைப் பற்றி அறிவிக்கும் விளம்பரமாக இல்லாமல், பக்கத்திலிருப்பவருக்கு நாம் செலுத்தும் கடமையாக அங்கே அமைகிறது. உம்முணாமூஞ்சி என்று பெயரெடுத்த பெண்ணும் அந்தக் கடமையைச் செய்யலாம், கலகலப்பானவளும் செய்யலாம்.

நல்ல நண்பரைக் கஸ்தூரி வைத்திருப்பவருக்கும், தீய நண்பரைக் கொல்லனின் துருத்தியை ஊதுபவருக்கும் நபி (ஸல்) அவர்கள் உவமித்த ஹதீஸை மதரஸாவில் நாம் மனனம் செய்விக்கிறோம். எண்ணூர், எர்ணாவூர், திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது கூடுதலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே பலருடைய அத்தாமார் வார்ப்புப் பட்டறையிலும் வெல்டிங் கடையிலும் வேலை செய்பவர்கள். அந்த உவமை சேர்க்கையின் விளைவைச் சொல்வது; தொழிலை இழிவுபடுத்துவதன்று. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததைத் தன் அருளாக அல்லாஹ் குறிப்பிடுகிறான் (34:10). அத்தாவின் சட்டையில் இரும்பு வாடை அடித்தால் அது ஹலாலான சோற்றின் வாடை.

எலுமிச்சம்பழம்

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தை வகுப்பு முழுவதற்கும் பாடமாக நடத்தினேன். அந்த மாணவியை அழைத்துத் தனியே எதுவும் சொல்லவில்லை. மறுநாள் முதல் ஒளு செய்யும் குழாயருகே ஒரு கிண்ணத்தில் நறுக்கிய எலுமிச்சம்பழமும் ஒரு சோப்பும் வைத்தோம்; கிதாபைத் தொடுமுன் எல்லோரும் கையில் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று பொதுவாக அறிவித்தோம். மீன் வாடைக்குக் காரணமான அமீன் என்னும் பொருள் காரத்தன்மை உடையது. எலுமிச்சையின் புளிப்பு அதனுடன் சேர்ந்து, காற்றில் எழாத உப்பாக அதை மாற்றிவிடும். நம் அம்மாமார் மீன் கழுவிய கையில் எலுமிச்சையோ புளியோ தேய்ப்பது இதனால்தான். இப்போது வகுப்பு முழுவதும் ஒரே மணம். கோடைக்கேற்ற பழமணமும் அதுவே. ஓரத்தில் அமர்ந்தவள் இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

பேண வேண்டியவை

சென்ட் வைத்திருந்த மாணவிக்கு நான் சொன்னவற்றை எல்லோருக்கும் பயன்படுமென்று இங்கே குறிக்கிறேன்.

அன்புடன் தந்ததை மறுக்க வேண்டாம். மாமாவுக்காக துஆச் செய்யுங்கள். பெண்கள் வீட்டிலும், பெண்கள் மட்டும் கூடும் இடத்திலும் தாராளமாகப் பூசலாம். அந்நிய ஆண்கள் நுகரும்படி பூசிக்கொண்டு தெருவில் செல்வதும், பள்ளிவாசலுக்குச் செல்லும்போது பூசுவதும் ஹதீஸ்களில் தடுக்கப்பட்டுள்ளன. வெளியே செல்ல, குளித்த உடலும் துவைத்த உடையும் போதும்.

ஆல்கஹால் கலந்த சென்ட் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் எடுக்கப்படாததாயின் ஆகும் என்று இன்றைய ஹனஃபி அறிஞர்கள் பலர் சொல்கின்றனர். ஷாஃபிஈ மத்ஹபினரில் அதை அசுத்தமெனக் கருதித் தவிர்ப்போர் உள்ளனர். தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயில் கரைத்த அத்தரில் இந்தச் சிக்கல் இல்லை.

இறுதியாக, ஆண்களுக்கும் சேர்த்து ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் வீட்டைவிட்டு ஓடியதை நாம் மறக்கவில்லை. நம் ஸஃப்பில் நிற்பவர்களில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்குக் காட்டமான சென்ட்டும் இருமலை வரவழைக்கும். கோடையில் ஓரிரு துளி போதும். வெங்காயமும் பூண்டும் பச்சையாக உண்டவர் பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதற்கும் பிறர் படும் துன்பமே காரணம். நாம் பூசியது நமக்கு எத்தனை இனிதாயினும் அண்டை நிற்பவரை இருமவைத்தால் அதன் நோக்கம் கெட்டுவிட்டது.

நம் அருகில் அமர்பவர் நிம்மதியாக மூச்சுவிடும்படி நம்மையும், நம் நாவையும், நம் நடத்தையையும் ஆக்கி வைக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.