ஃபிளாஷ் அடிச்சா போதுமா?

முதல்ல ஒரு வாக்குமூலம். நாங்குநேரியில சித்தப்பா கல்யாண வீடியோ ஸ்டுடியோ வெச்சிருக்கார். போன செமஸ்டர் லீவுல அங்கே ஒரு ஹார்ட் டிஸ்க் மேஜையில இருந்து விழுந்துச்சு. தானா விழலை. ஒயரைத் தட்டின கால் என்னோடது! ஓடிக்கிட்டு இருக்கும்போதே விழுந்ததால, உள்ளே ஹெட் தட்டுல உரசி, 2016-ம் வருஷத்துக் கல்யாணம் மொத்தமும் காலி. வேற காப்பி? கிடையாது.

அடுத்த மாசமே ஒரு அக்கா வந்தாங்க. "எங்க டிவிடி கீறிப் போச்சுண்ணே. இன்னொரு காப்பி வேணும். அப்பா தவறிட்டாங்க. அவங்க குரல் அதுல மட்டும்தான் இருக்கு"ன்னாங்க. சித்தப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. "மெஷின் பழுதாயிட்டும்மா"ன்னார். திட்டியிருந்தா பரவாயில்லை.

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். இனி சுத்துற டிஸ்க்கே வேண்டாம், ஆல்-ஃபிளாஷ் நாஸ் வாங்கணும்!

நாஸ்னா, நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி. எல்லா கம்ப்யூட்டரும் அதுலயே ஃபைல் வெச்சு எடுக்கலாம். அதுக்குள்ள ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா முழுக்க எஸ்.எஸ்.டி. போட்டா ஆல்-ஃபிளாஷ். 2023-ல வந்த அசஸ்டார் ஃபிளாஷ்ஸ்டார் 6 மாதிரி. சூயிங்கம் பட்டை சைஸ் எஸ்.எஸ்.டி. ஆறு போடலாம், பின்னாடி 2.5 கிகாபிட் போர்ட் ரெண்டு. நான் இன்டர்ன்ஷிப் பண்ற திருநெல்வேலி கடையில அந்த ரகத்துல ஒரு டெமோ பெட்டி இருந்துச்சு. கெஞ்சிக் கூத்தாடி ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு பஸ் ஏறினேன்.

ஸ்டுடியோவுல ஒரு சின்ன பில்டப் வேற கொடுத்தேன். ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடிச்சவர் தோஷிபாவுல இருந்த ஃபுஜியோ மசுவோகா. அது அழியுற வேகத்தைப் பார்த்து, கேமரா ஃபிளாஷ் ஞாபகத்துலதான் அவரோட சக ஊழியர் அந்தப் பேரையே சொன்னாராம். "நம்ம தொழில் பேரு சித்தப்பா!"ன்னு மாட்டினேன். காப்பி போட்டேன். ஸ்க்ரீன்ல விநாடிக்கு 110 எம்.பி.கிட்ட போய் நின்னுச்சு. அதுக்கு மேல ஏற மாட்டேங்குது.

"ஏல, இதுக்கா இம்புட்டு துட்டு?"

தப்பு பெட்டி மேல இல்லை பாஸ், நம்ம ஸ்விட்ச் மேல. கிகாபிட் நெட்வொர்க்னா கணக்குப்படி 125 எம்.பி., கைக்கு வர்றது 110 சொச்சம். ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க்கே 200-க்கு மேல தரும். ஆயிரக்கணக்குல ஓடுற எஸ்.எஸ்.டி.யைக் கொண்டு வந்து, ஒத்தையடிப் பாதையில விட்ட கதை! 4கே வீடியோ 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ரெண்டு கேமரா, ஆளுக்கு நாலு மணி நேரம்னா 360 ஜி.பி. கிகாபிட்ல 55 நிமிஷம், 2.5-ல சுமார் 21 நிமிஷம். அடடான்னு துள்ளாதீங்க. சித்தப்பாவோட மெமரி கார்டு 90-ஐத் தாண்டாது. ஆக, எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் காப்பிக்கு ஒரு மணி நேரம் டீ குடிக்கத்தான் வேணும்.

ஒரு இடத்துல மட்டும் அசந்துட்டேன். சித்தப்பாவும் அசிஸ்டென்ட் அண்ணனும் ஒரே நேரத்துல எடிட்டிங் பண்ணினப்போ, முன்னே பின்னே இழுத்தாலும் திக்கவே இல்லை. ஹார்ட் டிஸ்க்னா ஹெட் ரெண்டு பேருக்கும் மாறி மாறி ஓடணும். 7,200 சுத்து டிஸ்க் ஒரு சுத்து வரவே 8 மில்லி செகண்ட் ஆகும். ஃபிளாஷ்ல ஓடுறதுக்கு ஒண்ணுமே இல்லை. கரகர சத்தமும் இல்லை.

உங்க ஆபீஸ்ல நாலு பேர் ஒண்ணா எடிட் பண்றீங்க, 10 கிகாபிட் இருக்குன்னா கண்ணை மூடிட்டு வாங்குங்க. வீட்டு ஹால்ல ரெண்டு டி.பி. போட்டோ வைக்கணும், சத்தம் ஆகாதுன்னாலும் ஓகே. ஆனா வருஷத்துக்கு 40 கல்யாணம்னா 14 டி.பி.க்கு மேல. ஒரு டி.பி.க்கு ஃபிளாஷ் பல மடங்கு விலை. அது வேலை மேஜை பாஸ், பரண் இல்லை.

எனக்குச் சுருக்குன்னு தைச்சது வேற. ஃபிளாஷ் கீழே விழுந்தா தாங்கும், சரி. யாராவது தப்பா டெலிட் பண்ணினா? ரெய்டு போட்டிருந்தாலும் எல்லா டிஸ்க்லயும் சேர்ந்தேதான் அழியும். 2023 டிசம்பர் 17, 18-ல பெஞ்ச மழையில தாமிரபரணி வீட்டுக்குள்ள வந்துச்சே, அது ஃபிளாஷா ஹார்ட் டிஸ்க்கான்னு கேட்டா வந்துச்சு? அந்த அக்காவோட வீடியோ போனது டிஸ்க் சுத்தினதால இல்லை. ஒண்ணே ஒண்ணு இருந்ததால.

திங்கக்கிழமை டெமோ பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். சித்தப்பாகிட்ட உண்மையைச் சொல்லி, சாதா ஹார்ட் டிஸ்க் ரெண்டு போடுற நாஸ், ஒரு யு.பி.எஸ்., எடிட்டிங் கம்ப்யூட்டருக்குள்ள மட்டும் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்க வெச்சேன். மிச்சப் பணத்துல ரெண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். அதுல ஒண்ணு எப்பவும் நாகர்கோவில் அத்தை வீட்டுல இருக்கும். மாசம் ஒருக்கா பஸ்ல போய் மாத்திட்டு வர்றது என் டியூட்டி.

முதல் டிஸ்க்கைக் கொடுத்துட்டு வந்த அன்னிக்கே அத்தை போன். "ஈரம் படக் கூடாதுன்னியே, அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கேன்!"

இந்த ஞாயிறு மறுபடி நாகர்கோவில் போறேன் ஃப்ரெண்ட்ஸ்.