யார் முகத்துக்கு வெளிச்சம்?

எங்க தாத்தா பெட்ரோமாக்ஸ் சுமந்தவர். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாண ஊர்வலம், சாமி புறப்பாடு, விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் எதுவானாலும் விளக்குத் தூக்க எங்கள் தெருவுக்குத்தான் ஆள் வரும். தலையில் சும்மாடு, அதன்மேல் விளக்கு. வெளிச்சம் மாப்பிள்ளை முகத்துக்கு. சூடு தாத்தா மண்டைக்கு. எண்ணெய்த் தொட்டியின் நிழல் கீழே விழுவதால் சுமக்கிறவன் முகம் மட்டும் இருட்டாகவே இருக்கும். "உங்க தாத்தா வந்தா வெளக்குதாம் தெரியும், ஆளு தெரியாது" என்று பாட்டி சொல்லுவாள்.

நாடக மேடையில் விளக்கைத் தொங்கவிட்டு ராவெல்லாம் காற்றடிக்க வேண்டும். வள்ளி திருமணம் அவருக்கு முழுப்பாடம். ஆனால் உட்கார்ந்து பார்க்க எங்கள் சனத்துக்கு இடம், மேடைக்குப் பக்கவாட்டில், தள்ளி.

அப்பா மைக்செட் கடையில் கூலி. கோயில் கொடைக்குக் கம்பம் ஏறி ட்யூப்லைட் கட்டுவார். எங்கள் தெரு தொடங்குவதற்கு முந்தின கம்பத்தோடு வெளிச்சம் நின்றுபோகும். "ஒயர் எட்டலப்பா" என்பார்கள். கையில் இன்னும் ஒரு சுருள் ஒயர் மிச்சமிருப்பது கட்டினவருக்குத் தெரியும். சொல்லமாட்டார். மறுநாளும் கூலிக்குப் போகவேண்டுமே.

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். குற்றாலக் குறவஞ்சி பாடம். அதை எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்களுக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். ஒரு சாரல் சீசனில் குற்றாலத்தில் அந்தக் குறவஞ்சியை நாட்டியமாகப் பார்த்தேன். மலையிலும் வெயிலிலும் அலைகிற குறத்தி, ரோஸ் பவுடர் அப்பிக்கொண்டு வந்து நின்றாள். முடிந்ததும் லைட் போட்டவரிடம் கேட்டேன். "கறுப்பு மூஞ்சிக்கு லைட்டு எடுக்காது தம்பி" என்றார் அவர். அவரும் கறுப்புத்தான்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தத் தொழிலுக்குள் தள்ளியது.

தேடித்தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஸ்டான்லி மெக்காண்டிலஸ் 1932-இல் மேடை ஒளிக்கு ஒரு முறையை எழுதிவைத்தார். நடிகரின் இரண்டு பக்கமும் முன்னாலிருந்து 45 பாகைச் சாய்வில் விளக்குகள். ஒன்று இளஞ்சூட்டு நிறம், மற்றது குளிர்ந்த நிறம். உலகமெங்கும் மேடைக்காரர்கள் படிக்கும் பாடம் இது. எங்கள் பிள்ளைகளை நிறுத்தி அதை அப்படியே செய்துபார்த்தேன். நீல ஒளியில் முகம் சாம்பல் பூத்தது. பிறகு விளங்கியது: கறுப்புத் தோல் வெளிச்சத்தைக் குறைவாகத் திருப்பித் தரும், ஆனால் பளபளப்பாகத் தரும். நேர் முன்னாலிருந்து கொட்டினால் முகம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் மஞ்சள் கலந்த ஒளி விழுந்தால் கன்னமேடும் தோளும் மினுங்கும். பின்திரை வெள்ளையாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். லைட்டுக்கு எடுக்காத தோல் எதுவுமில்லை. அந்தத் தோலை மனதில் வைத்து லைட் கட்டியவர்கள்தான் இல்லை.

வங்காளத்துத் தபஸ் சென் (1924–2006) எனக்குத் துணிச்சல் கொடுத்தார். 1959-இல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் 'அங்கார்'. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறித் தொழிலாளர்கள் மூழ்குவதை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெளிச்சத்தாலேயே காட்டினார். அந்த வெளிச்சம் ராஜாவின் கிரீடத்தில் விழவில்லை, கூலிக்காரனின் சாவின்மேல் விழுந்தது. தமிழில் செ. ரவீந்திரன். டெல்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே நம் நவீன நாடகங்களுக்கு ஒளி அமைத்தவர். தமிழ் படித்தவனுக்கு லைட்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரைத்தான் சொல்லுவேன்.

எங்கள் தெருவில் கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' நாடகத்தைப் போட்டோம். வாடகை ஸ்பாட்லைட்டுக்குக் காசில்லை. எண்ணெய் டின்களை வெட்டி, உள்ளே குண்டு பல்பு மாட்டி, மஞ்சள் கண்ணாடித்தாளைச் சூடு படாத தூரத்தில் கட்டினேன். அப்பாதான் கம்பம் ஏறினார். சாரல் பட்டு ரெண்டு தரம் ஃபியூஸ் போனது. மூன்றாம் தரம் எரிந்தபோது, பீடி சுற்றுகிற அக்கா ஒருத்தி மேடையில் நின்றாள். முகத்தில் பவுடர் இல்லை. கூட்டத்தில் யாரோ, "ஏ... நம்ம புள்ளையா இது, எம்புட்டு லட்சணமா இருக்கு" என்றார்கள். தினமும் பார்க்கிற முகம். அதற்குரிய வெளிச்சத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அப்பா அன்றைக்கு மிச்ச ஒயரைக் கடைசி வீடுவரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பறைக்குப் பட்டறை நடத்துகிறோம், பாட்டுக்கு நடத்துகிறோம், எழுத்துக்கு நடத்துகிறோம். ஒளிக்கு நடத்துவதில்லை. அதை 'டெக்னிக்கல்' வேலை என்று வாடகைக்காரர் கையில் விட்டுவிடுகிறோம். மேடையில் யார் தெரியவேண்டும், எவ்வளவு தெரியவேண்டும் என்று தீர்மானிப்பது ஸ்விட்சில் கை வைத்திருப்பவன். மூணு தலைமுறையாக நாம் சுமந்தோம், கட்டினோம். இனி தீர்மானிக்கிற இடத்துக்கும் நாமே வரவேண்டும். நாலு டின்னும் நாலு பல்பும் போதும். யாராவது கூப்பிட்டால் வந்து சொல்லித்தருகிறேன்.