சால்மன் படகுக்குக் கூனிமேட்டில் வேலை உண்டா?

சியாட்டில் நகரத்தின் மீன்பிடித் துறை நன்னீரில் இருக்கிறது. பாலார்ட் பக்கம் 1914-இல் திறந்த 'ஃபிஷர்மென்ஸ் டெர்மினல்' அது. மூன்று ஆண்டு கழித்துக் கடலுக்கும் உள்ளே இருக்கும் ஏரிகளுக்கும் நடுவே பெரிய மதகைத் திறந்தார்கள். கடலிலிருந்து வரும் படகு மதகுக்குள் நுழைந்ததும் கதவை மூடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகும் உயர்ந்து ஏரி மட்டத்துக்கு வருகிறது. அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசு நன்னீரில் செத்துப்போகும். உலோகமும் உப்பிலிருந்து கொஞ்ச காலம் தப்பித்து இளைப்பாறும். மரக்காணம் கரையில் அலையை வெட்டி ஏறி, மணலில் மூக்கைக் குத்தி நிற்கும் படகுகளையே பார்த்து வளர்ந்த திண்டிவனத்துக்காரனுக்கு இது வேறு உலகம்.

மகன் வீட்டுக்குப் போனவன் ஊர் சுற்றிப் பார்க்காமல் தினமும் அங்கே போய் நின்றேன். விசைப்படகுகளுக்கு நடுவே பெயின்ட் பூசாமல், வெறும் தகட்டு நிறத்தில் சில குட்டைப் படகுகள். அத்தனையும் அலுமினியம். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் பிடிக்கிறவை. அங்கே படகின் நீளம் 32 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். 1951 வரை இயந்திரத்துக்கே தடை இருந்ததால் பாய் கட்டித்தான் மீன் பிடித்தார்கள். நீளத்துக்குத்தானே சட்டம் என்று இப்போது அகலத்தைக் கூட்டிவிட்டார்கள். சில படகுகளின் அகலம் நீளத்தில் பாதி. சட்டத்தைச் சுற்றி வழி கண்டுபிடிப்பதில் நம்மாட்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன்.

மீன் திரள்வது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும்தான். மீன் பிடிக்க அனுமதித்த பகுதியின் எல்லைக்கோட்டில் வலை விட எல்லாப் படகும் ஒரே இடத்தில் முட்டி மோதும். வற்றம் வந்தால் தண்ணீர் இருபது அடிக்கு மேலும் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இந்த அடிக்கு ஃபைபர் விரிசல் விடும், அலுமினியம் சொட்டை விழுந்து நிற்கும் என்றார் அங்கே ஒரு படகின் அணியத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெல்டர். அவர் போட்டிருந்த ஆர்கான் வெல்டிங் தையல் மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தது. அடியில் பதித்திருந்த துத்தநாகக் கட்டிகளைக் காட்டினார். உப்புத் தண்ணீரில் முதலில் அவை கரையும், தகடு பிழைக்கும். செம்பு கலந்த பெயின்டை அடியில் பூசினாலோ, ஒரு செப்புக் காசு உள்ளே விழுந்து ஈரத்தில் கிடந்தாலோ அலுமினியத்தை அரித்துவிடுமாம்.

மரக்காணம் பக்கம் கூனிமேடுகுப்பத்தில் என் பள்ளித் தோழன் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"பளபளன்னு நல்லாத்தான்டா இருக்கு. கரையில இழுக்க எத்தனை பேர் வேணும்?"

அந்தப் படகை இழுக்க ஊரே வந்தாலும் ஆகாது. ஆனால் அது டீசல் எஞ்சினும் மீன் அறையும் சேர்ந்த கனம். சின்னதாகக் கட்டினால் அலுமினியத்தை ஃபைபரைவிட லேசாகவே கட்டலாம். மணல் தேய்ப்பையும் நன்றாகத் தாங்கும். சொன்னேன்.

"சரி, பொத்துக்கிட்டா யாரு அடைப்பா? திண்டிவனத்துல வெல்டிங் பட்டறைக்காரன் இரும்பு கேட்டுதான் அடிப்பான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர். படகைக் கட்டிவைக்க ஒரு துறைமுகம் கிடையாது. இங்கே கட்டுமரம் நின்றதே, கட்டை கட்டையாக அவிழ்த்து மணலில் காயப்போட முடிந்ததால்தான். அலையடிக்கும் கரையில் ஏறி இறங்கும் படகு வேண்டும் என்று, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையில் உட்கார்ந்து பல மாதிரிகளைக் கட்டிப் பார்த்தது. கரை நெருங்கும்போது மேலே தூக்கிக்கொள்ளும் விசிறியெல்லாம் அதில் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை ஓரங்கட்டின. ஒரு அச்சு இருந்தால் படகு படகாக வார்க்கலாம், விலையும் சில லட்ச ரூபாய்க்குள் அடங்கும். அலுமினியத்தில் ஒவ்வொரு படகுக்கும் தகட்டை வெட்டி, வளைத்து, தைக்க வேண்டும்.

தோழன் ஓட்டை அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட இடத்தைச் சுற்றித் தேய்த்துச் சொரசொரப்பாக்குவான். கண்ணாடி இழைப் பாயான 'மேட்'டைக் கத்தரியால் வெட்டி, பாதி அறுத்த பிளாஸ்டிக் கேனில் ரெசின் ஊற்றி, கேட்டலிஸ்ட் அளந்து விட்டுக் குச்சியால் கலக்குவான். மூக்கைத் துளைக்கும் நெடி. 'மேட்'டை வைத்து பிரஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றுவான். நம் வெயிலில் சீக்கிரமே இறுகிவிடும். மிச்சம் இருக்கும் கேன் கையில் பிடிக்க முடியாதபடி சுடும். மறுநாள் படகு கடலில். அவனுக்கோ இரவு முழுக்கக் கை அரிக்கும். முகமூடியாவது கட்டிக்கொள்ளடா என்றால் கேட்கமாட்டான்.

ஃபைபர் தோற்கும் இடம் ஒன்று உண்டு. நம் குப்பங்களின் ஓரத்தில் செத்துக் கிடக்கும் பழைய படகுகளைப் பாருங்கள். உருக்க முடியாது, எரித்தால் நச்சுப் புகை, பழைய இரும்புக் கடைக்காரன் திரும்பியும் பார்ப்பதில்லை. அலுமினியமோ கடைசி நாளிலும் காசு. தாதுவிலிருந்து எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 5 சதவீதத்தில் உருக்கிவிடலாம். இதைச் சொன்னபோது மட்டும் தோழன் கொஞ்சம் யோசித்தான்.

படகு கட்டிவைக்கத் துறையும், பக்கத்திலேயே ஆர்கான் பட்டறையும் இருக்கிற ஊருக்கு அலுமினியம். அழகன்குப்பம் பக்கம் பேசப்படும் மீன்பிடித் துறைமுகம் வந்தால் இந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அதுவரை மரக்காணம் கரைக்கு ஃபைபர்தான். வாங்குகிறவர்கள் உட்பக்கம் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ரெசின் ஊறாமல் மேட் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தப் படகை எடுக்காதீர்கள்.